ஜீப் முதல் ஏ.டி.வி. வரை: வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்த்த வரலாறு

கோவையில் இருந்து பல்லடம் வழியாகத் தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது குண்டடம். ஈரோடு மாவட்டத்தில் இருந்த தாராபுரம் வட்டம், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. அதோடு குண்டடமும் திருப்பூர் மாவட்டத்து ஊராகிவிட்டது. ஆனால் திருப்பூர் என்றதும் நினைவுக்கு வரும் பனியன் கம்பெனிகள் வேறு, குண்டடம் வேறு. இங்கே கண்ணில் படுவது காற்றாலைகளும், மானாவாரிக் காடுகளும், ஆடு மாடுகளும்தான்.

இந்தப் பக்கத்தில் 'காடு' என்று சொன்னால் வனம் என்று நினைத்துவிடக் கூடாது. மழையை நம்பி இருக்கும் நிலம்தான் காடு. அதில் ஒரு வகை கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். ஆடு, மாடு, எருமை மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டு வைத்த நிலம் அது. உழுது பயிர் செய்யாவிட்டாலும் வேலை இல்லாமல் போகாது. வேலியைச் சுற்றிப் பார்க்க வேண்டும், தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், தீவனம் ஏற்ற வேண்டும், வெட்டிய முள்ளை இழுத்துப் போட வேண்டும்.

இதே வேலைகளை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பண்ணையாட்கள் ஏ.டி.வி. என்ற வண்டியை வைத்துச் செய்கிறார்கள். எல்லா நிலத்திலும் ஓடக்கூடிய வண்டி என்பது அதன் பொருள். பைக் மாதிரி கால் பரப்பி உட்கார்ந்து, ஹேண்டில் பாரைப் பிடித்து ஓட்ட வேண்டும். நான்கு குண்டுச் சக்கரங்கள். பெரிய வகைகளில் நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும். இவற்றை வாங்க நினைப்பவர்கள் ஒப்பீட்டுப் பட்டியல் போடுவது வழக்கம். எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு இழுக்கும், என்ன விலை என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

நான்கு சக்கர இயக்க வண்டிகளின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒவ்வொரு காலத்திலும் வாங்குபவர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் முக்கியமான ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது. அந்த விட்டுப்போன வரிக்குத்தான் பின்னால் பணத்தாலும், சில சமயம் உயிராலும் விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மாடு பார்ப்பது எப்படி?

முதலில் எந்திரம் வராத காலம். காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் வண்டிக்கும் ஏருக்கும் கவலை இறைக்கவும் இருந்தது காங்கேயம் காளைதான். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பெயர் பெற்றவர்கள். வெள்ளகோவில் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தை காங்கேயம் மாடுகளுக்குப் புகழ் பெற்றது.

சந்தையில் மாடு வாங்குகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு சுழி பார்ப்பார். கொம்பும் திமிலும் குளம்பும் பார்ப்பார். நடக்க விட்டு நடையைப் பார்ப்பார். சோடி மாடு என்றால் இரண்டையும் நுகத்தில் பூட்டி இழுக்க விட்டுப் பார்ப்பதும் உண்டு. பிறகுதான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம்.

சுழி பார்ப்பது நம்பிக்கை சார்ந்தது. பல்லும் நடையும் பூட்டிப் பார்ப்பதும் அப்படி அல்ல, அவை நேரடிச் சோதனைகள். விற்கிறவர் சொல்வதை மட்டும் வைத்து யாரும் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதில்லை. இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பெரிய அரசாங்கங்களின் கதை நன்றாகப் புரியும்.

நான்கு சக்கரமும் ஏன் இழுக்க வேண்டும்?

சாதாரணக் காரில் இன்ஜின் சக்தி இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழி செய்வது இந்த டிஃபரன்ஷியல்தான்.

அதுவே சேற்றில் வில்லனாகிவிடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சுழற்சியெல்லாம் அதற்கே போய்விடும். நல்ல தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கும், வழுக்கும் சக்கரம் சும்மா சுற்றும். வண்டி நகராது. மழை பெய்த கரிசல் மண்ணில் வண்டி மாட்டியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை!

முன் சக்கரங்களுக்கும் சக்தி கொடுத்தால் பிடிப்புக் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதோடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தால் வழுக்கும் சக்கரத்தோடு மற்றதும் சேர்ந்து சுற்றும். மெதுவாக, அதிக இழுவையோடு போக லோ கியர் தேவை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் உண்மையான நான்கு சக்கர இயக்க வண்டி.

1940: மூன்று கம்பெனி, ஒரு பட்டியல்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சிறிய வேவு வண்டி அவசரமாகத் தேவைப்பட்டது. 1940 ஜூலையில் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போனது. நான்கு சக்கர இயக்கம் வேண்டும், எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது, 270 கிலோ அளவுக்குச் சுமக்க வேண்டும், முதல் மாதிரி வண்டி 49 நாளில் வந்தாக வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

பெரும்பாலான கம்பெனிகள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் நொடித்துப் போகும் நிலையில் இருந்த பேண்டம் என்ற சிறிய கம்பெனி மட்டும் துணிந்து கெடுவை ஏற்றது. கார்ல் புராப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து வந்தார்கள். அவர் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்தார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, வண்டி ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்குள் நுழைந்தது.

அங்கே வண்டியைப் போட்டு வதைத்தார்கள். மேடு பள்ளம், சேறு, மணல் எல்லாவற்றிலும் ஓட்டினார்கள். வண்டி தாங்கியது. ஆனால் பேண்டத்தின் உற்பத்தித் திறன் மீது ராணுவத்துக்குச் சந்தேகம் இருந்ததால் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளையும் போட்டியில் இறக்கினார்கள். 1940 நவம்பரில் அவர்களுடைய மாதிரிகளும் வந்தன.

மூன்றையும் ஒப்பிட்டால் வேறுபாடு இன்ஜினில் இருந்தது. பேண்டம் வண்டியில் சிறிய கான்டினென்டல் இன்ஜின். ஃபோர்டு வண்டியில் இருந்தது அவர்களுடைய டிராக்டர் இன்ஜினில் இருந்து உருவாக்கியது. இரண்டும் 45 குதிரைத்திறனை ஒட்டியவை. வில்லிஸ் வண்டியிலோ 60 குதிரைத்திறன் கொண்ட 2.2 லிட்டர் இன்ஜின். இழுவையில் அதற்கு இணை இல்லை. ஆனால் எடை ஏறத்தாழ 1,090 கிலோ!

இங்கேதான் பட்டியலின் முதல் ஓட்டை தெரிந்தது. 590 கிலோவில் இப்படி ஒரு வண்டி யாராலும் செய்ய முடியாது. மேசையில் உட்கார்ந்து எழுதிய எண் அது. மூன்று கம்பெனி வண்டிகளும் அதைத் தாண்டித்தான் இருந்தன. கடைசியில் ராணுவமே வரம்பை 980 கிலோ அளவுக்கு உயர்த்தியது. வில்லிஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் இன்ஜினை விட்டுக்கொடுக்க மறுத்து, வண்டியின் ஒவ்வொரு பாகத்திலும் எடையைச் செதுக்கினார். நீளமான போல்ட்டுகளை வெட்டிக் குறைத்தார்கள், பெயிண்ட் பூச்சைக்கூடக் குறைத்தார்கள் என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது.

பிறகு ஒவ்வொரு கம்பெனியிடமும் 1,500 வண்டி வாங்கி நிஜமான படைப் பிரிவுகளில் ஓட விட்டார்கள். 1941இல் வில்லிஸுக்கு 16,000 வண்டிக்கான ஒப்பந்தம் கிடைத்தது. தேவை கூடியதால் அதே வடிவத்தை ஃபோர்டும் செய்தது. வில்லிஸின் இன்ஜின், ஃபோர்டு மாதிரியில் இருந்த தட்டையான முன்பகுதி, பேண்டம் போட்ட அடிப்படை வடிவம் எல்லாம் கலந்து உருவானதுதான் உலகம் அறிந்த ஜீப். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் தயாராகின. முதலில் வண்டி செய்த பேண்டத்துக்குக் கிடைத்ததோ, ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் செய்யும் வேலை! பேண்டம் வண்டியில் குறை இல்லை. ஆயிரக்கணக்கில் செய்து தர முடியுமா என்ற வரி முதல் கடிதத்தில் இல்லை, முடிவை எடுத்ததோ அந்த வரி.

ஜீப் இந்தியாவுக்கு வந்தது

1945இல் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து 'மஹிந்திரா அண்டு முகமது' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். நாடு பிரிந்தபோது குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனியின் பெயர் 1948இல் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என்று மாறியது. 1947இல் முதல் தொகுதியாக 75 ஜீப்புகள் பாகம் பாகமாக அமெரிக்காவில் இருந்து வந்து பம்பாயில் பூட்டப்பட்டன. 1954இல் வில்லிஸ் கூட்டுறவோடு படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கும் வேலை தொடங்கியது.

அதே காலத்தில் இன்னொரு ஜீப் கதையும் நடந்தது. 1948இல் காஷ்மீர்ப் போருக்கு ஜீப் அவசரமாகத் தேவைப்பட்டது. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைப் பின்பற்றாமல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடன் சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. புதுப்பித்த பழைய ஜீப்புகள் அவை. கணிசமான பணம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்ததோ 155 வண்டிகள்தான், அவையும் ஓட்டக்கூடிய நிலையில் இல்லை என்று நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. 1955 செப்டம்பர் 30 அன்று, அரசைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்துவிட்டது என்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சரவையில் சேர்ந்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. ஆனாலும் சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாராக 'ஜீப் ஊழல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

யார் செய்தது சரி என்ற வாதத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பாடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் போருக்கு முன் 49 நாள் கெடு வைத்தபோதுகூடச் சோதனையை யாரும் விடவில்லை. இங்கே அவசரம் வந்தபோது முதலில் கைவிடப்பட்டது வண்டியை நேரில் பார்த்துச் சோதிக்கும் வேலைதான். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கின மாதிரி!

இதற்கு நேர்மாறாகவும் இந்தியாவில் நடந்திருக்கிறது. 1985இல் விற்பனைக்கு வந்த மாருதி ஜிப்ஸி, பிற்பாடு இந்திய ராணுவத்தின் நம்பிக்கையான வண்டியானது. அதற்கு மாற்றாக 800 கிலோ சுமக்கும் வண்டி வேண்டும் என்று 2013இல் ராணுவம் கேட்டது. டாடா சஃபாரி ஸ்டார்ம், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ இரண்டையும் பலவிதமான நிலத்தில் ஓட்டிப் பார்த்து, 2017இல்தான் 3,192 ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நான்கு வருடம் என்பது ரொம்ப அதிகம் என்று சொல்லலாம். ஆனால் வாங்கியது என்ன என்று தெரிந்து வாங்கினார்கள்.

ஜீப் ஏன் டிராக்டர் ஆகவில்லை?

போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி 1945இல் சி.ஜே.-2ஏ என்ற மக்கள் ஜீப்பை இறக்கியது. முக்கியமாக விவசாயிகளைக் குறிவைத்த வண்டி அது. கலப்பை பூட்டலாம், மர அறுவை எந்திரத்தை ஓட்டலாம், சந்தைக்கும் போகலாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகலாம் என்கிற ரீதியில் விற்றார்கள். இன்றைய ஏ.டி.வி.யின் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

ஜீப் சந்தைக்குப் போனது, சர்ச்சுக்கும் போனது. உழவில்தான் டிராக்டரிடம் தோற்றது. உழவுக்குத் தேவை வேகம் அல்ல. கனமான உடம்பு, பெரிய பின் சக்கரம், மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க இழுத்தாலும் சூடேறாத இன்ஜின் ஆகியவைதான். 'எல்லா வேலையும் செய்யும்' என்ற விளம்பரத்தில் 'எத்தனை மணி நேரம்?' என்ற வரி இல்லை.

இந்தியாவிலும் இரண்டு பாதைகள் தனித்தனியாகவே போயின. சென்னையில் 1960இல் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு டாஃபே தொடங்கியது. 1963இல் மஹிந்திராவும் சர்வதேசக் கூட்டோடு டிராக்டர் தொழிலில் இறங்கியது. உழவு டிராக்டருக்குப் போனது. ஜீப் பி.டி.ஓ. ஆபீஸ், மின்வாரியம், வனத்துறை, மலைத்தோட்டம் என்று போனது. குண்டடம் போன்ற ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களில் 'ஆபீசர் வண்டி' என்றாலே ஜீப் என்றிருந்த காலம் அது.

மூன்று சக்கரத்தில் தொடங்கிய ஆபத்து

இனி ஏ.டி.வி. பிறந்த கதை. 1970இல் ஹோண்டா கம்பெனி 'யு.எஸ். 90' என்ற மூன்று சக்கர வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. பனிக்காலத்தில் பைக் விற்பனை படுத்துவிடுகிறது என்பதால் பனியிலும் மணலிலும் ஓடும் ஒரு வண்டி தேவைப்பட்டது. பலூன் மாதிரி ஊதிய டயர், சின்ன இன்ஜின். முதலில் விளையாட்டு வண்டிதான். போகப் போகப் பண்ணைக்காரர்கள் இதில் சாமான் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

1980களில் விற்பனை எகிறியது. கூடவே விபத்துகளும் எகிறின. முன்னால் ஒற்றைச் சக்கரம், உயரமான இருக்கை, இறுகிய பின் அச்சு. திருப்பத்தில் வண்டி சுலபமாகக் கவிழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் ஏராளம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குப் போட்டது. 1988இல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாஸாகி, போலாரிஸ் ஆகிய கம்பெனிகள் நீதிமன்றத்தில் உடன்படிக்கைக்கு வந்தன. புதிய மூன்று சக்கர ஏ.டி.வி. விற்பதை நிறுத்தினார்கள். பெரிய வண்டிகளைப் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கென்று விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் பதினெட்டு வருடமும் வாங்கியவர்கள் பட்டியல் போட்டுத்தான் வாங்கினார்கள். சி.சி., வேகம், விலை எல்லாம் அதில் இருந்தன. 'எத்தனை டிகிரி சாய்ந்தால் கவிழும்?' என்ற வரி மட்டும் இல்லை.

பெரிய ஏ.டி.வி.க்களின் போட்டி

நான்கு சக்கர ஏ.டி.வி.யை 1980களின் தொடக்கத்தில் சுசுகி கொண்டுவந்தது. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் 350 சி.சி. வண்டியை 1986இல் ஹோண்டா இறக்கியது. அதற்குப் பிறகுதான் பண்ணை வேலைக்கான ஏ.டி.வி. என்ற தனி இனமே உருவானது. 1996இல் போலாரிஸ் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 500 வண்டியில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனைக் கொடுத்தது.

2002, 2003 இரண்டு வருடமும் பெரிய வண்டிகளுக்கு இடையே பலத்த போட்டி. யமஹா கிரிஸ்லி 660, கவாஸாகி பிரெய்ரி 650, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 700, ஹோண்டா ரிங்கன் என்று வரிசையாக வந்தன. விலையும் சி.சி.யும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உள்ளே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

கிரிஸ்லியில் ஒற்றை சிலிண்டர், முன் டிஃபரன்ஷியலைப் பட்டன் அழுத்திப் பூட்டலாம், பின்னால் தனி சஸ்பென்ஷன். பிரெய்ரியில் இரட்டை சிலிண்டர், சக்தி அதிகம், பின்னால் பழைய முறையில் ஒரே அச்சு. ஸ்போர்ட்ஸ்மேனில் பின் சக்கரம் வழுக்கினால் முன் சக்கரங்கள் தானாகவே சேர்ந்துகொள்ளும். ரிங்கனில் கார் மாதிரி ஆட்டோமேட்டிக் கியர், ஆனால் லோ கியர் கிடையாது.

இவற்றில் எது சிறந்தது? 'எந்த வேலைக்கு?' என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தனி சஸ்பென்ஷன் கரடுமுரடான நிலத்தில் உடம்பை நோகாமல் கொண்டுபோகும், அடிப்பாகம் கல்லில் இடிக்காது. பின்னால் கனமான சுமை ஏற்றினால் ஒரே அச்சு அவ்வளவாகத் தாழாது, செலவும் குறைவு. பெரும்பாலான ஏ.டி.வி.க்களில் கியருக்குப் பதில் ரப்பர் பெல்ட் ஒன்று சக்தியைக் கடத்துகிறது. ஓட்டச் சுலபம். ஆனால் லோ கியர் போடாமல் கனமான டிரெய்லரை மெதுவாக இழுத்தால் பெல்ட் சூடேறி வழுக்கும், கடைசியில் எரிந்தே போகும். கம்பெனித் தாளில் 'இழுக்கும் எடை' என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இது பிறகுதான் தெரியும்.

ஆஸ்திரேலியா சேர்த்த புதிய வரி

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஏ.டி.வி. கவிழ்ந்து, அதன் அடியில் மாட்டி இறப்பவர்கள் பலர். அந்நாட்டு அரசு 2019இல் ஒரு பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. 2020 அக்டோபர் 11 முதல் புதிதாக விற்கும் ஒவ்வொரு வண்டியையும் சாய்மேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும். எத்தனை டிகிரியில் அது இரண்டு சக்கரத்தில் எழும்புகிறது என்ற எண்ணை, கடையிலேயே வண்டியில் அட்டையாகத் தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல் பண்ணை வேலைக்கான புதிய வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் வளைவுச் சட்டமும் கட்டாயம்.

சட்டம் பொருத்தினால் வேறு ஆபத்து வரும் என்று வாதிட்ட ஹோண்டா, யமஹா போன்ற கம்பெனிகள் அந்நாட்டில் அந்த வகை வண்டிகளின் விற்பனையையே நிறுத்தின. இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் பேசியவர்கள் உண்டு. எப்படி இருந்தாலும், 1970இல் விட்டுப்போன அந்த வரி ஐம்பது வருடம் கழித்துப் பட்டியலில் ஏறியது. வாங்குகிறவர் இப்போது விலையை ஒப்பிடுவது போலவே சாய்வையும் ஒப்பிடலாம்.

வட்டம் போட்டு வந்த ஜீப்

இதற்கிடையில் ஒரு சுவாரசியமான திருப்பம். 2018இல் மஹிந்திரா கம்பெனி அமெரிக்காவில் 'ராக்ஸர்' என்ற வண்டியை அறிமுகம் செய்தது. பழைய ஜீப் வடிவம், இரும்பு உடம்பு, 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், 62 குதிரைத்திறன். 1940இன் வில்லிஸ் வண்டியில் இருந்தது 60! சாலையில் ஓட்ட அல்ல, பண்ணையிலும் காட்டிலும் ஓட்டும் வண்டியாக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் பெரிய ஏ.டி.வி.க்களோடு போட்டிக்கு விட்டார்கள்.

ஜீப் பெயரை அப்போது வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி, தங்கள் வடிவத்தைக் காப்பியடித்ததாகப் புகார் செய்தது. 2020 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையம் பழைய வடிவத்துக்குத் தடை விதித்தது. முன்பகுதியை மாற்றிய புதிய வடிவத்துக்கு அந்த ஆண்டு டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் இருந்து பாகம் பாகமாக வந்து பம்பாயில் பூட்டப்பட்ட வண்டியின் வாரிசு, எழுபது வருடம் கழித்து அமெரிக்கப் பண்ணைக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தியாவில் விட்டுப்போன வரி: ஆர்.சி.

போலாரிஸ் கம்பெனி 2011இல் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் சாதாரண ஏ.டி.வி.யைப் பொதுச் சாலையில் ஓட்ட இங்கே பதிவு கிடைக்காது. சொந்த நிலத்துக்குள் மட்டும்தான் ஓட்டலாம். ரிசார்ட்டுக்கும் சுற்றுலாவுக்கும் அது போதும், விவசாயிக்குப் போதாது. வீடு ஓரிடம், தோட்டம் ஓரிடம், காடு வேறிடம், நடுவில் பஞ்சாயத்து ரோடு என்பதுதான் நம் ஊர் நிலைமை.

இதற்கு ஒரு வழியாக 2021இல் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை டிராக்டர் என்ற வகையில் அனுமதி வாங்கி இந்தியாவில் இறக்கினார்கள். 567 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஆரம்ப விலை 7.99 லட்சம் ரூபாய். ஏ.டி.வி. இந்தியச் சாலைக்கு வர டிராக்டர் வேஷம் கட்ட வேண்டியிருந்தது!

குண்டடத்துக் காட்டுக்கு எந்தப் பட்டியல்?

இந்த வரலாற்றையெல்லாம் கொண்டுவந்து குண்டடம் பக்கத்து மானாவாரிக் காட்டில் வைத்தால், கம்பெனித் தாளில் இல்லாத வரிகள் வரிசையாக வரும்.

முதல் வரி முள். ஏ.டி.வி. டயரில் காற்றழுத்தம் மிகக் குறைவு, மென்மையான டயர் அது. சேற்றிலும் மணலிலும் மிதந்து போக அதுவே காரணம். ஆனால் வெள்வேல முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் இருக்கும் இடத்தில் வாரம் எத்தனை பஞ்சர் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

இரண்டாவது வெயில். சித்திரை மாதத்தில் தண்ணீர் டிரம்மை மெதுவாக இழுக்கும் வேலையைப் பெல்ட் எவ்வளவு நேரம் தாங்கும்?

மூன்றாவது சாய்வு. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பின்னால் மருந்துத் தொட்டியை ஏற்றிக்கொண்டு போனால் தண்ணீர் உள்ளே தளும்பும். வண்டியின் சமநிலை அதோடு தளும்பும்.

நான்காவது பழுது. பெல்ட் அறுந்தால் தாராபுரத்தில் கிடைக்குமா, கோவைக்குப் போக வேண்டுமா, பார்சலுக்குக் காத்திருக்க வேண்டுமா? டிராக்டர் மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். 1941இல் பேண்டத்தைக் கவிழ்த்த அதே கேள்விதான் இதுவும். வண்டி நல்லதா என்பதோடு, அதற்குப் பின்னால் நிற்கக்கூடியவர் யார் என்பதும் சேர்ந்த கேள்வி.

ஐந்தாவது சட்டம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டில் யார் மீதாவது மோதினால் காடே விற்றாலும் போதாது.

ஆறாவது ஒப்பீட்டின் எல்லை. ஏ.டி.வி.யை இன்னொரு ஏ.டி.வி.யோடு மட்டும் ஒப்பிடக் கூடாது. அதே பணத்துக்கு நான்கு சக்கர இயக்க மினி டிராக்டர் வருகிறது. அது உழும், டிரெய்லர் இழுக்கும், டீசலில் ஓடும். வேகம் குறைவு, கரடுமுரடில் உடம்பு நோகும். பழைய நான்கு சக்கர ஜீப்பும் இருக்கிறது. ஒரு சோடி காங்கேயம் காளையும் டயர் வண்டியும்கூட இருக்கிறது. அதற்குப் பஞ்சர் டயரில் மட்டும்தான்!

இந்த ஆறு வரியில் எதையும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதுவும் ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்ப்பது போதாது. நிறைந்த டிரம்மோடு, சொந்தக் காட்டில், முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், அதையும் பட்டியலில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.